கேளுங்கள், சொல்கிறேன்: பழைய காரும் அதன் கண்ணாடியும்

சென்ற இதழில் பழைய கார்களின் கதவு ரப்பரைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரப்பரை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பற்றிக் கேட்கின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். சிங்கப்பூரில் நாற்பது ஆண்டுகள், முதலில் ஜாலான் புசாரிலும் பிறகு சின் மிங்கிலும், நான் செய்த வேலையே கார்களுக்குக் கண்ணாடி போடுவதுதான். என் அப்பாவும் அதே வேலை. புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்தும் இடத்தில் நின்றவர் அவர். இந்த இதழ் முழுவதையும் கண்ணாடிக்கே கொடுத்துவிட்டேன்.

அப்பா விட்டுப்போன ஆங்கிலேயக் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. முன் கண்ணாடியின் கீழ் ஓரம் பால் தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. வினிகர், சோப்பு, பற்பசை என்று எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். இது பூஞ்சையா? (பிடோக் வாசகர்)

பூஞ்சை இல்லை, தம்பி. தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த வெளுப்பு இருக்கும் இடத்துக்கு உங்கள் விரல் போகவே முடியாது. அது கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது.

உங்கள் காரில் இருப்பது லேமினேட்டட் கண்ணாடி. நீங்கள் ஒரே கண்ணாடி என்று நினைப்பது உண்மையில் இரண்டு. நடுவில் தெளிவான பிளாஸ்டிக் சவ்வு ஒன்று வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டியிருப்பார்கள். கல் பட்டால் விரிசல் விடும், ஆனால் உதிராது. துண்டுகளைச் சவ்வு பிடித்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த கதையை அப்பா அடிக்கடி சொல்வார். பிரெஞ்சுக்காரர் எதுவார் பெனடிக்டஸ் வேதியியலும் படித்தவர், ஓவியரும்கூட. 1903இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை அலமாரியிலிருந்து விழுந்தது. நூறு துண்டாகச் சிதறியிருக்க வேண்டியது, விரிசலோடு உருவம் கலையாமல் கிடந்ததாம். எப்போதோ உள்ளே ஊற்றி வைத்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் வற்றி, சுவரோடு தோலாக ஒட்டியிருந்ததுதான் காரணம். 1909இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மூன்று அடுக்கு என்பதால் டிரிப்லெக்ஸ் என்று பெயர் வந்தது. முதல் உலகப் போரில் நச்சுப்புகை முகமூடிகளின் கண் பகுதிக்கு அந்தக் கண்ணாடிதான் போனது. கார்களுக்குப் பரவலாக வந்தது அதற்குப் பிறகு. ஃபோர்டு 1920களின் கடைசியில் வெளியிட்ட மாடல் ஏ காரின் முன் கண்ணாடி லேமினேட்டட். பிரிட்டனும் 1930களில் முன் கண்ணாடிக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைச் சட்டமாக்கிவிட்டது.

அந்தக் காலத்துச் செல்லுலாய்டு சவ்வு வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். 1930களில் வேறு சவ்வுகளை முயன்று பார்த்து, கடைசியில் பாலிவினைல் பியூட்டிராலுக்கு வந்தார்கள். பி.வி.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் இதைத்தான் இன்றைக்கும் போடுகிறோம். இது அவ்வளவாக மஞ்சளாகாது. ஆனால் ஈரத்தைத் தாங்காது. முன் கண்ணாடியின் அடி ரப்பரில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த ஈரம் ஓரத்தின் வழியே மெல்ல ஏறிச் சவ்வையும் கண்ணாடியையும் பிரிக்கும். பிரிந்த இடம்தான் உங்களுக்குப் பால்போலத் தெரிகிறது. நம் ஊரில் ஆண்டு முழுக்க மழை. திறந்தவெளி வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் கார்களில் இதை நான் பார்த்த அளவுக்கு வேறெந்தக் கோளாறையும் பார்த்ததில்லை.

பிரிந்ததைத் திரும்ப ஒட்டவைக்க வழி கிடையாது. ஊசியால் பிசின் ஏற்றிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த முறை கல் பட்ட சிறு விரிசலுக்குத்தான். வெளுப்பு வைப்பர் ஓடும் பகுதிக்குக் கீழேயே நின்றால் அப்படியே விடலாம். ரப்பரை மட்டும் புதிதாகப் போட்டு ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைப்பர் துடைக்கும் இடத்துக்குள் ஏறிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பகலில் தெரியாது. இரவில் எதிரே வரும் காரின் விளக்கு அந்த வெளுப்பில் பட்டுச் சிதறும்போது, சாலையைக் கடக்கும் ஆள் உங்கள் கண்ணிலிருந்து மறைந்துபோவார்.

என்னிடம் 1960களின் மோரிஸ் மைனர். முன் கண்ணாடியில் டிரிப்லெக்ஸ் டஃபன்டு என்ற முத்திரை இருக்கிறது. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள், "அசல் கண்ணாடி, கையை வைக்காதே" என்கிறார்கள். பட்டறைக்காரர் லேமினேட்டட் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (அங் மோ கியோ வாசகர்)

பட்டறைக்காரர் பேச்சை. காரணத்தை நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

1971இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சாம்பல் நிற மைனர் ஒன்று இருந்தது, அதன் முன் கண்ணாடியும் உங்களுடையதைப்போல டஃபன்டுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பர் புக்கிட் தீமா சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்தில் அப்போது கருங்கல் குவாரிகள் நடந்துவந்தன. ஜல்லி ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகும். எங்களுக்கு முன்னால் போன லாரியிலிருந்து கல் ஒன்று துள்ளி வந்தது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். டப் என்ற சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவே. முன்னால் இருந்த சாலை, லாரி, மரங்கள் எதையும் காணோம். முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் வெள்ளையாகிவிட்டது, உறைபனிச் சுவர் எழும்பியதுபோல. அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முஷ்டியாக்கித் தன் முகத்துக்கு நேரே கண்ணாடியில் ஓங்கிக் குத்தினார். ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியே பார்த்துக் காரை ஓரங்கட்டினார். அம்மாவின் சேலை மடிப்பில் கல்கண்டுபோலக் கண்ணாடித் துண்டுகள். எங்கள் யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று நொடிகள் அப்பா கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினார் என்பதை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னை உட்காரவைத்து ஏன் அப்படி ஆனது என்று விளக்கினார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

டஃபன்டு கண்ணாடியை, இப்போது பலரும் டெம்பர்ட் என்கிறார்கள், ஒற்றைத் தகடாக எடுத்து 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சித் திடீரென்று குளிரவைப்பார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு மெல்லக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே இறுகிய மேல்பரப்பு விடாது. இப்படி மேலே அழுத்தமும் உள்ளே இழுவிசையுமாக, கட்டிய வில்லைப்போல அந்தக் கண்ணாடி எப்போதும் விறைப்பாகவே இருக்கும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம். அதனால்தான் மேல்பரப்பைத் தாண்டி ஒரு புள்ளியில் அடி இறங்கினால் மொத்தமும் அவிழ்ந்து பொடியாகிறது. பொடி கூராக இருக்காது, சதையைக் கிழிக்காது. கதவுக்கு அது அருமையான கண்ணாடி. முன்னால் வைக்கத்தான் பொருந்தாது.

தயாரித்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. ஓட்டுநருக்கு நேரே உள்ள பட்டையை மட்டும் வேறுவிதமாகப் பதப்படுத்தி, உடைந்தாலும் அங்கே துண்டுகள் கொஞ்சம் பெரிதாக இருந்து சாலை ஓரளவு தெரியும்படி ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல். அந்த வகையில் உடைந்த இரண்டு கார்கள் என்னிடம் வந்தன. இரண்டு ஓட்டுநர்களுமே, ஏதோ தெரிந்தது ஆனால் தூரம் தெரியவில்லை என்றார்கள்.

உங்கள் மைனருக்கு அதே வளைவில் லேமினேட்டட் கண்ணாடி இன்றும் செய்து விற்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது. பழைய காரில் இரும்பு அசலாக இருக்கட்டும், இருக்கைத் தோலும் கடிகார முட்களும் அசலாக இருக்கட்டும். உங்களுக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கும் ஒரே ஒரு பொருளில் மட்டும் அசல் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பட்டறையில் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: டஃபன்டு கண்ணாடி கொஞ்சம் முறுக்கைத் தாங்கும், லேமினேட்டட் தாங்காது. கண்ணாடி உட்காரும் இரும்புச் சட்டம் வளைந்திருந்தால் பொருத்தும்போதே மூலையில் விரிசல் ஓடும். முதலில் சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் கணவர் பழைய வோல்ஸ்வாகன் பீட்டில் ஒன்றை வாங்கியிருக்கிறார். பேரனைப் பின் இருக்கையில் உட்காரவைத்து ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் சுற்றப் போகிறார். ஜன்னல் கண்ணாடி பாதுகாப்பானதா, வெறும் கண்ணாடியா என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா? (ஈசூன் வாசகி)

உண்டு, அம்மா. வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முதலில் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையையும் பாருங்கள். தபால்தலை அளவில் முத்திரை ஒன்று இருக்க வேண்டும். ஆங்கிலேயக் கார் என்றால் டிரிப்லெக்ஸ் போன்ற பெயரும், லேமினேட்டட் அல்லது டஃபன்டு என்ற சொல்லும், சில சமயம் பி.எஸ். 857 என்ற பிரிட்டிஷ் தர எண்ணும் இருக்கும். ஐரோப்பியக் கார், அல்லது பின்னாளில் மாற்றிய கண்ணாடி என்றால் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் எண்ணும் தெரியும். அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைச் சொல்லும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 11 பிரிட்டன். அமெரிக்கக் கண்ணாடியில் ஏ.எஸ். 1 என்றிருந்தால் முன் கண்ணாடிக்கு உரியது, ஏ.எஸ். 2 மற்ற ஜன்னல்களுக்கு.

டிரிப்லெக்ஸ் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எழுத்துகளுக்கு மேலும் கீழும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். தூசி என்று நினைத்துவிட வேண்டாம். டஃபன்டு, லேமினேட்டட் இரண்டு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. அந்தச் சொல்லின் எத்தனையாவது எழுத்தில் புள்ளி இருக்கிறதோ அது ஆண்டின் கடைசி இலக்கம். ஐந்தாவது எழுத்தில் இருந்தால் 1955 ஆகலாம், 1965 ஆகலாம். எந்தப் பத்தாண்டு என்பதைக் காரை வைத்து நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். காரின் எல்லா ஜன்னலிலும் புள்ளி ஒரே இடத்தில் இருந்து ஒன்றில் மட்டும் மாறியிருந்தால், அந்தப் பக்கம் எப்போதோ அடிபட்டிருக்கிறது. விற்பவர் சொல்லாததைக் கண்ணாடி சொல்லிவிடும்.

முத்திரையே இல்லையென்றால் இரண்டு சோதனை. ஜன்னலைப் பாதி இறக்கி மேல் ஓரத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் நூல்போல ஒரு கோடு ஓடினால் லேமினேட்டட். கோடு இல்லையென்றால் போலரைஸ்டு வகைக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு, காலையிலோ மாலையிலோ நீலவானம் கண்ணாடியில் பிரதிபலிக்கும் கோணத்தில் நின்று பாருங்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். டெம்பர்ட் கண்ணாடியில் சிறுத்தைத் தோல்போல வரிசையாகப் புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். காற்றைப் பீய்ச்சிக் குளிரவைத்த குழாய்களின் தடம் அது. வெறும் கண்ணாடியில் எதுவும் தெரியாது. தட்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்வேன் என்பவர்களை நம்பாதீர்கள். எனக்கே அது முடிந்ததில்லை.

கோடும் இல்லை, புள்ளியும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால் அது அலமாரிக்கும் மேசைக்கும் போடும் கண்ணாடி. இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். என் பட்டறைக்கு ஒருமுறை ஒரு பீட்டில் வந்தது. கதவின் முன்னால் இருக்குமே, சின்ன முக்கோணக் கண்ணாடி, அது இறுகிப்போய்த் திறக்கவில்லை. நான் லேசாகத் தள்ளினேன். கத்தி அளவில் ஒரு துண்டு கழன்று என் உள்ளங்கையில் இறங்கியது. முன்பு யாரோ ஒரு பட்டறைக்காரர், கதவின் பெரிய கண்ணாடி உட்பட, அந்தப் பக்கத்துக் கண்ணாடிகள் மூன்றையும் அறைகலன் கண்ணாடியில் வெட்டி, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்து மாட்டிக் காசு வாங்கியிருக்கிறார். அந்தக் காரில் மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தார்கள். என் கை ஆறிவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை.

பேரன் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியை முதலில் பாருங்கள், அம்மா. சந்தேகம் இருந்தால், மாற்றும்வரை பேரனை ஏற்ற வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பழைய காருக்குக் கறுப்புப் படலம் ஒட்டலாமா? வெயில் தாங்கவில்லை. (ஜூரோங் வாசகர்)

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி முன் கண்ணாடியும் முன் கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும். பின்பக்க ஜன்னல்கள் 25 விழுக்காடு. அதற்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். வெறும் கண்ணாடிமேல் படலம் ஒட்டிவிட்டால் பாதுகாப்புக் கண்ணாடி ஆகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். துண்டுகளை அது கொஞ்சம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

1930களின் திறந்த கார் ஒன்றைப் பழுதுபார்த்து வருகிறேன். முன் கண்ணாடி தட்டையானது, பித்தளைச் சட்டம். கண்ணாடி எங்கும் கிடைக்கவில்லை. வெட்டிப் போட முடியுமா? (ஹவ்காங் வாசகர்)

தட்டைக் கண்ணாடி என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். லேமினேட்டட் கண்ணாடியை வெட்ட முடியும். டெம்பர்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு யாராலும் வெட்ட முடியாது, கீறினாலே பொடியாகிவிடும். அதில் ஓரம் தேய்ப்பது, துளை போடுவது எல்லாம் உலைக்குப் போகும் முன்பே முடிய வேண்டும்.

லேமினேட்டட் வெட்டுவதைப் பார்ப்பதே ஓர் அழகு. மேலே ஒரு கீறல், புரட்டிப் போட்டு அதே கோட்டில் கீழே ஒரு கீறல். இரண்டையும் மெல்லத் தட்டி விரிசலை ஓடவிட வேண்டும். இப்போது கண்ணாடி இரண்டும் பிரிந்துவிட்டன, சவ்வு மட்டும் விடாது. அந்த வெட்டில் ஸ்பிரிட்டை மெல்லிய கோடாக ஊற்றிப் பற்றவைத்தால் நீலமாக ஒரு சுடர் ஓடி அணையும். சவ்வு இளகும். கண்ணாடியை லேசாக இழுத்துப் பிடித்து, இடைவெளியில் பிளேடை விட்டு அறுக்க வேண்டும். அப்பா இதைச் செய்யும்போது பேசமாட்டார், பக்கத்தில் யாரும் பேசவும் கூடாது. நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள், தீ சமாசாரம். தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய வேலை அச்சு எடுப்பது. பழைய கண்ணாடியையோ சட்டத்தையோ அட்டையில் வரைந்து கொடுக்காதீர்கள். அட்டை நம் ஈரத்தில் வளையும். மெல்லிய பலகையில் வெட்டி, சட்டத்துக்குள் போட்டுப் பார்த்து, சுற்றிலும் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று சரிபார்த்து, அந்தப் பலகையையே கொடுங்கள். பித்தளையும் கண்ணாடியும் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவில் ரப்பர் நாடா வேண்டும்.

கனத்தைப் பற்றி ஒரு சொல். அந்தக் காலத்துச் சட்டங்களின் பள்ளம் பெரும்பாலும் கால் அங்குலக் கணக்கு, அதாவது 6.35 மில்லிமீட்டர். கடையில் எளிதாகக் கிடைப்பது 6.38: மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவே 0.38 சவ்வு. அளவு அப்படியே பொருந்துகிறதே என்று வாங்கிவிடத் தோன்றும். ஆனால் அது கட்டடங்களுக்கான கண்ணாடி. கார் முன் கண்ணாடிக்கு 0.76 சவ்வு வேண்டும். முன்பு கார்களிலும் மெல்லிய சவ்வுதான் இருந்தது; மோதலில் தலை அதைக் கிழித்துக்கொண்டு வெளியே போனதைப் பார்த்த பிறகுதான் 1960களின் நடுவில் அமெரிக்காவில் இரட்டிப்புக் கனத்துக்கு மாறினார்கள். எனவே கண்ணாடியை மெல்லியதாக எடுத்துச் சவ்வைத் தடிப்பாகக் கேளுங்கள். மிச்ச இடத்தை ரப்பர் நிரப்பிக்கொள்ளும்.

முன் கண்ணாடி ரப்பரை மாற்றக் கொடுத்தேன். பொருத்தும்போது நல்ல கண்ணாடி உடைந்துவிட்டது. பழைய கண்ணாடி, அப்படித்தான் உடையும் என்கிறார்கள். உண்மையா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

உண்மை இல்லை. கண்ணாடிக்கு வயதானதால் உடையாது. அவசரப்பட்டால் உடையும், துரு இருந்தால் உடையும்.

பழைய ரப்பரைக் கழற்றியதும் சட்டத்தின் உதட்டை விரலால் தடவ வேண்டும். ரப்பருக்கு அடியில் ஆண்டுக்கணக்காகத் தண்ணீர் நின்று, கீழ் மூலைகள் இரண்டிலும் இரும்பு பொருக்குத் தட்டியிருக்கும். அந்தப் பொருக்கு கண்ணாடியை ஒரே புள்ளியில் குத்தும். நான் துருவைச் சுரண்டி, வெல்டிங் தேவையென்றால் செய்து, பெயிண்ட் காய்ந்த பிறகே கண்ணாடியைக் கையில் எடுப்பேன். அதற்கு இரண்டு நாளாகும். அந்த இரண்டு நாளைத்தான் பல இடங்களில் கொடுப்பதில்லை.

ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். சட்டத்தில் உட்காரும் பள்ளத்தில் வழவழப்பான கயிறு ஒன்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு நுனியும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விட வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர், நிறைய. எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டே வர, காருக்குள் இருப்பவர் கயிற்றை இழுத்துக்கொண்டே போவார். கயிறு வெளியே வர வர ரப்பரின் உதடு இரும்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். இருவரும் ஒரே வேகத்தில் போக வேண்டும். நானும் அப்பாவும் செய்யும்போது அவர் தட்டும் ஓசையைக் கேட்டே நான் இழுப்பேன். எங்காவது இறுகினால் நிறுத்திவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர். முழங்கையால் தள்ளுகிறவர் கையில் காரைக் கொடுக்காதீர்கள். கண்ணாடி உட்கார்ந்த பிறகு வெளிப்பக்கம் பளபளப்புப் பட்டை இருந்தால் கடைசியில் அதைச் செருக வேண்டும்.

உடைந்ததற்கு அவர்கள்தான் பொறுப்பு. மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்.

வைப்பர் கீறிய கோடுகளைத் தேய்த்து எடுக்கலாமா? (தோ பாயோ வாசகர்)

நகத்தில் தட்டுப்படாத கீறல் என்றால் சீரியம் ஆக்சைடு பொடியைக் குழைத்து, பொறுமையாகத் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தால் மறையும். நகம் சிக்கினால் விட்டுவிடுங்கள். ஆழமாகத் தேய்த்தால் அந்த இடம் குழிந்து, சாலை நெளிந்து தெரியும்.

நீங்கள் சொல்லித்தான் மூன்று மாதத்துக்கு முன் என் மினியின் பழைய கண்ணாடியை மாற்றினேன். கழற்றிய அசல் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. (செங்காங் வாசகர்)

தூக்கிப் போடாதீர்கள். இன்றைக்கு 35 ஆண்டைத் தாண்டிய கார்களைக் கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் ஓட்டுகிறோம். அந்தக் கார் உங்களுக்குப் பிறகும் இருக்கும். அடுத்து வாங்குகிறவருக்குக் காரோடு அந்தக் கண்ணாடியையும் கொடுங்கள். அசல் வேண்டும் என்பவர்களுக்கு அசலும் இருக்கும், ஓட்டுகிறவருக்குப் பாதுகாப்பும் இருக்கும்.

வைக்கும் விதம் முக்கியம். தரையில் படுக்கவைக்காதீர்கள், வளைந்த கண்ணாடி தன் எடையிலேயே பாதிக்கப்படும். பழைய போர்வையில் சுற்றி, அடியில் இரண்டு மரக்கட்டை வைத்து, கட்டைமேல் ரப்பர் விரித்து, சுவரில் லேசாகச் சாய்த்து நிமிர்த்தி வையுங்கள். டெம்பர்ட் கண்ணாடிக்கு ஓரம்தான் உயிர். சிமெண்டுத் தரையில் மூலை ஒருமுறை இடித்தால் போதும், போர்வைக்குள்ளேயே பொடியாகிவிடும். புளோக் வீடுகளின் குண்டுப் புகலிட அறை இதற்கு நல்ல இடம், வெயில் படாது. போர்வைமேல் ஒரு சீட்டு ஒட்டி, எந்தக் கார், எந்தப் பக்கம், கழற்றிய தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். மை மங்காத பேனாவில் எழுதுங்கள். அப்பா எழுதிய அப்படி ஒரு சீட்டு இன்னும் என் வீட்டில் இருக்கிறது, போர்வையோடும் கண்ணாடியோடும்.